வெடிக்கு அசையாத பால்கோவா

முதுநகர், கடலூர்
2.7.2006

அன்புள்ள திருநாவுக்கரசு மாமாவுக்கு,

எழிலரசி எழுதுவது. நான் நலம், அம்மா நலம், அப்பா துறைமுக வேலையிலும் அலுப்பிலும் நலம். நீங்கள் விட்டுப்போன நாய்க்குட்டியும் நலம். என் இடது கால் செருப்பு மட்டும் நேற்று மாலை இயற்கை எய்தியது. நீங்களும் இறால்களும் எப்படி இருக்கிறீர்கள்?

அன்றைக்குக் கூடையும் கையுமாக வாசலில் நின்று நீங்கள் "இ... இ..." என்று ஆரம்பித்தபோது நான்தான் "இட்லியா மாமா?" என்று முடித்துவைத்தேன். "இறால் பண்ணைக்கு" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் குட்டி அம்மாவின் புடவையில் ஒன்றுக்குப் போய்விட்டது. முதல் எழுத்தை நான் சரியாகப் பிடித்தேனா இல்லையா? கிள்ளையில் பண்ணைக் காவலுக்கு ராஜபாளையம் நாய் வேண்டும், பெரிதாகும்வரை அக்கா வீட்டில் வளரட்டும் என்று நீங்கள் காகிதத்தில் எழுதிக் காட்டியபிறகுதான் எங்களுக்கு முழுக்கதையும் புரிந்தது.

எதிர்வீட்டு இருசம்மாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது? ஒடம்பு ஆட்டுக்குட்டி, காலு ஒட்டகம், மூக்குல மட்டும் எவனோ ரோஸ் பெயின்ட் அடிச்சி வுட்டுட்டான்" என்றார். உண்மைதான். உடம்பில் ஒரு கறுப்பு முடி கிடையாது. ஊர் ராஜபாளையம், பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், நிறம் வெள்ளை. ஆகவே பால்கோவா என்று பெயர் வைத்துவிட்டேன். "அம்மாவுக்குச் சர்க்கரை இருக்குது, பால்கோவாவ வூட்டுல சேக்கலாமா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நானே சிரித்துக்கொண்டேன்.

என்ன சாப்பாடு போடுவது என்று உடனே எழுதுங்கள். செருப்பு சேரும் என்பது தெரிந்துவிட்டது.

ஒற்றைச் செருப்பு மருமகள்,
எழில்


கிள்ளை, சிதம்பரம் வட்டம்
11.7.2006

அன்பு மருமகள் எழிலுக்கு,

மாமன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சுகம், குளத்தில் இறாலும் சுகம். அக்காவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? புடவைக்காக நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ராகிக் கஞ்சி, மோர் சாதம், அவ்வப்போது அவித்த முட்டை. கோழி எலும்பு அறவே வேண்டாம். தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போ. மத்தியான வெயிலில் விடாதே. இந்த ரோஸ் மூக்கு வெந்து தோல் உரியும்; தேங்காய் எண்ணெய் தடவு. கட்டியே போட்டு வளர்த்தால் கால் வளைந்துவிடும். சாயங்காலம் மணலில் ஓட விடு. ராஜபாளையம் ஊருக்கெல்லாம் வாலாட்டாது. யாரோ ஒருவரைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அது நீயாக இருந்துவிடாதே, பிறகு பிரிவது கஷ்டம்.

முக்கியமான விஷயம். கூப்பிட்டால் வரப் பழக்கு. இங்கே இருந்த இரண்டு நாய்களும் ஓடிப்போனதிலிருந்து என் கூட்டாளி சடையப்பன் கோபமாக இருக்கிறார். "காது கூரா இல்லாத நாயி காவலுக்கு ஆவாது. சொன்ன பேச்சு கேக்கலன்னா எவன் கையிலயாவது புடிச்சிக் குடுத்துடுவேன்" என்று இப்போதே சொல்கிறார். செய்யக்கூடியவர்தான்.

பெயர் வைக்க 'ப'தான் கிடைத்ததா உனக்கு? நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் அது பிச்சாவரம் போய்த் திரும்பிவிடும். திருவதிகைக் கோயிலில் மொட்டை போட்டு எனக்கு நாவுக்கு அரசு என்று பெயர் வைத்தார்கள். முடி வளர்ந்துவிட்டது. நா இன்னும் பதவி ஏற்கவில்லை. செல்போன் இருந்தும் நான் கடிதம் எழுதுவது அதனால்தான். போனில் நான் 'ஹலோ'வைத் தாண்டுவதற்குள், எதிரில் இருப்பவர் என் பேச்சையும் சேர்த்துப் பேசி வைத்துவிடுகிறார்.

படிப்பைக் கவனி.

உன் மாமன்,
திருநாவுக்கரசு


முதுநகர்
27.8.2006

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உங்கள் பக்கம் மழை உண்டா? 'பால்' வராவிட்டால் 'கோவா' என்று கூப்பிடுங்கள். ஊர் சுற்றிய மாதிரியும் இருக்கும்.

தடுப்பூசி போட்டாயிற்று. ஊசி குத்தியபோது அவன் அழவில்லை, நான்தான் கத்தினேன். டாக்டர் "யாருக்குப் போடணும்?" என்று கேட்டார். சாயங்காலம் மணலில் ஓடுகிறான் பாருங்கள், கால் எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. மூக்குக்கு எண்ணெய் தடவினால் நக்கித் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறான். இருசம்மாள் அக்கா வீட்டுக் கருவாட்டுக் கூடையில் நான் ரப்பர் பாம்பை வைத்த அன்று அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இவன் மட்டும் கொட்டாவி விட்டான். நல்ல கூட்டாளி.

கூப்பிட்டால் வருவதில்லை என்பது ஒன்றுதான் குறை. முகத்தைப் பார்த்துக் கையசைத்தால் பாய்ந்து வருகிறான். முதுகுக்குப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்புவதில்லை. ராஜ பாளையம் அல்லவா, ராஜா எங்காவது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாரா? திமிர். பழக்கிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள். சடையப்பன் மாமாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

தொண்டை கட்டிய,
எழில்


முதுநகர்
23.10.2006

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளி நன்றாக நடந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் நானும், எனக்குத் தெரியாமல் அம்மாவும் அதிரசம் தின்றோம். உங்களுக்குத் தனியாக எடுத்துவைத்தது எறும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

பால்கோவாவைப் பற்றி ஒரு சந்தோஷச் செய்தி. தெருவில் இருக்கிற அத்தனை நாயும் வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலடியில், வண்டியடியில், சாக்கடையில் எல்லாம் ஒளிந்துகொண்டன. நம்மவன் கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டித் தூங்கினான். பக்கத்தில் லட்சுமி வெடி வெடித்தது. அசையவில்லையே! அப்படி ஒரு வீரன். ராஜபாளையம் என்றால் சும்மாவா?

அதனால், கூப்பிட்டால் வருவதில்லை என்று நான் முன்பு எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இப்போது நன்றாகப் பேச்சுக் கேட்கிறான்.

பணிவுள்ள மருமகள்,
எழிலரசி


முதுநகர்
23.10.2006

ஏ ரேகா,

நீ, பெரியம்மா, பெரியப்பா, அண்ணாகிராமத்துப் பலாமரம் எல்லாரும் சௌக்கியமா? இதைப் படித்ததும் கிழித்துப் போடு. மாமாவுக்கு இப்போதுதான் ஒரு கடிதம் எழுதி ஒட்டினேன். அது முழுக்கப் பொய்.

பால்கோவாவுக்குக் காது கேட்காதுடி.

பயமுறுத்திப் பார்க்கலாமென்று நான்தான் அவன் தலைமாட்டுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, லட்சுமி வெடியைக் கொளுத்தினேன். எழுந்து ஓடுவான், சிரிக்கலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். வெடித்தது. அவன் காது மடல்கூட ஆடவில்லை. மூச்சு மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வெடியை நான் கொளுத்தவில்லை.

இன்று காலை கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்தார். "முழு வெள்ளையில, ரோஸ் மூக்குல, இது சகஜம்மா. பொறந்ததுலேருந்தே கேக்காது. மருந்து ஒண்ணும் கெடையாது" என்றார். எப்போதாவது கூப்பிட்டதும் வந்ததாக நான் நினைத்த நேரமெல்லாம் தரையில் என் கால் அதிர்வைத்தான் உணர்ந்திருக்கிறான். திமிர் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். அந்தத் திட்டும் கேட்டிருக்காது, அது ஒன்றுதான் ஆறுதல்.

காது கேட்காத காவல் நாய் என்று தெரிந்தால் சடையப்பன் யார் தலையிலாவது கட்டிவிடுவார். இவன் ரோட்டில் நின்றால் லாரி ஹாரன்கூடக் கேட்காதே ரேகா. யாரிடமும் மூச்சு விடாதே.

உன்
எழில்


கிள்ளை
9.11.2006

அன்பு மருமகளுக்கு,

நலம். அக்கா அதிரசம் தின்றதை அவளே எனக்குத் தனியாக எழுதிவிட்டாள், உன் பங்கையும் சேர்த்து.

உன் கடிதத்தைச் சடையப்பனுக்குப் படிக்கக் கொடுத்தேன். "வெடிக்கு அசையாத நாயா? அதான்யா நமக்கு வேணும்! ஒடனே இட்டாந்துடு" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஏன் என்று இங்கே வந்து பார்த்தால் உனக்கே புரியும். அடுத்த மாதம் தீவனம் வாங்கக் கடலூர் வருகிற வண்டியிலேயே அவனை அழைத்து வந்துவிடுகிறேன்.

நன்றாக வளர்த்திருக்கிறாய். உன் வாய்க்கு நாய் வளர்க்கும் பொறுமை இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

மாமன்,
திருநாவுக்கரசு


முதுநகர்
15.11.2006

அன்புள்ள மாமா, மாமா, மாமா,

நான் நலமில்லை. அம்மா ஒரு மாதிரி நலம். பால்கோவா நலமே இல்லை.

அவனுக்கு ஜலதோஷம். கொஞ்சம் இருமலும். டாக்டர் உப்புக்காற்று ஆகாது என்றார். (கடலூரில் மட்டும் சர்க்கரைக் காற்றா வீசுகிறது என்று கேட்காதீர்கள்.) இறால் வாசனை வந்தாலே தும்முகிறான். போன வாரத்திலிருந்து சைவமாகிவிட்டான். வெடிக்கு அசையவில்லை என்று எழுதியது உண்மைதான், ஆனால் பூனைக்குப் பயப்படுகிறான். பல்லிக்கும். நேற்று ஒரு பலூனைப் பார்த்து நடுங்கினான். இப்படிப்பட்ட கோழையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? வேறு நல்ல நாயாகப் பாருங்கள். நாட்டு நாய் போதும். நாட்டு நாய்க்குத்தான் நாட்டுப்பற்றும் ஜாஸ்தி.

இந்தக் கழிசடையை நாங்களே வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறோம்.

கண்ணீருடன்,
எழில்


முதுநகர்
17.12.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அவனும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்றவனுக்கு நான் உள்ளங்கையைக் காட்டியதும் ஏறி உட்கார்ந்துகொண்டான். வண்டி திரும்புகிறவரை என் கையையே பார்த்தான். இறக்குவேன் என்று நினைத்திருப்பான். அம்மா இன்னமும் ராகியைக் கரைத்துவிட்டு, "ஐயோ, அவன் போயிட்டானில்ல" என்று என்னைக் குடிக்கச் சொல்கிறார்.

அவனுக்குச் சில வினோதப் பழக்கங்கள் உண்டு. பெரிய இடத்துப் பிள்ளை, பொறுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, கடித்துவிடுவான். பக்கத்தில் தரையைத் தட்டிவிட்டுத் தொடுங்கள். உள்ளங்கை காட்டினால் 'இரு', இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுத்தால் 'வா'. இருட்டில் டார்ச்சை ஆட்டினால் எங்கிருந்தாலும் வருவான். வாயால் கூப்பிடுவது அவனுக்குப் பிடிக்காது. மூக்குக்கு எண்ணெய். வண்டி போகிற ரோட்டில் மட்டும் அவிழ்த்து விடாதீர்கள் மாமா. எதற்கு என்று கேட்காதீர்கள், விடாதீர்கள்.

உடனே பதில் போடுங்கள்.

எழில்


கிள்ளை
28.1.2007

அன்பு மருமகளுக்கு,

அனைவரும் சுகமென்று நம்புகிறேன். நீ அனுப்பிய பொங்கல் வாழ்த்து வந்தது. அதன் பின்பக்கத்தில் 'பதில்' என்று அட்டை கொள்ளாமல் எழுதி நிரப்பியிருந்ததும் வந்தது. அறுவடை நேரம், எழுத முடியவில்லை.

பால்கோவா நன்றாக இருக்கிறான். போன வாரம் விடியற்காலையில் நீர்நாய்கள் கூட்டமாகக் குளத்தில் இறங்கப் பார்த்தன. இறங்கினால் இறாலைத் தின்று தீர்த்துவிடும். இவன்தான் குரைத்து, கதவைப் பிராண்டி எங்களை எழுப்பினான். சடையப்பனுக்கு ஒரே பெருமை.

வேறு விசேஷமில்லை.

மாமன்


முதுநகர்
3.2.2007

மாமாவுக்கு,

எல்லாரும் நலம். நீர்நாய் என்று படித்ததும், நாயைக்கூட 'நீர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு ஜோக் எழுத வந்தது. எழுதவில்லை.

விடியற்காலை இருட்டில் குளத்துச் சத்தம் கேட்டு நாய் குரைத்தது என்றால், அது என் பால்கோவா இல்லை. அவனுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது. தீபாவளிக்கே எனக்குத் தெரியும். சொன்னால் சடையப்பன் மாமா விரட்டிவிடுவார் என்றுதான் மறைத்தேன். வீரன் என்று எழுதினால் நீங்கள் மகிழ்ச்சியாக அங்கேயே இருந்துகொள்வீர்கள், வந்து சோதித்துப் பார்க்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். என் வாயே அவனை வண்டியில் ஏற்றிவிட்டது.

இப்போது உங்களிடம் இருப்பது எந்த நாய்? சடையப்பன் மாமா அவனை யாரிடம் கொடுத்தார்? எந்த ஊர்? ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லாதபோதே எனக்குத் தெரியும். திட்டுங்கள், பரவாயில்லை. எங்கே என்று மட்டும் எழுதுங்கள், நானும் அப்பாவும் போய்த் தேடுகிறோம்.

எழிலரசி


கிள்ளை
7.2.2007

என் அன்பு எழிலுக்கு,

முதலில் இதைப் படி: பால்கோவா இங்கேதான் இருக்கிறான். இதை எழுதும்போது என் காலடியில் படுத்திருக்கிறான். அதே நாய்தான். உன் செருப்பைப் போலவே என் செருப்பும் ஒன்று போய்விட்டது, சந்தேகமிருந்தால் அனுப்பிவைக்கிறேன்.

அவனுக்குக் கேட்காது என்பது வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். வண்டியிலிருந்து இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். நானே ஓரடி துள்ளினேன், அவன் வாலைக்கூட நிறுத்தவில்லை. பிறகு உன் கடிதம் வந்தது. தரையைத் தட்டு, கையைக் காட்டு, டார்ச்சை ஆட்டு என்று. காது என்ற சொல்லை எழுதாமல் ஒரு பக்கம் எழுதியிருந்தாய். நீயாகச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். பதில் தாமதித்தது என் தவறு. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பொய்யாகவே வந்தது.

அவன் நீர்நாயைக் கேட்கவில்லை, மோந்தான். காற்று எதிரே அடித்தால் போதும், மூக்கை உயர்த்திக்கொண்டு கரையில் நிற்பான். இங்கே காதை வைத்துக்கொண்டு ஒரு பயனும் இல்லை எழில். தண்ணீரில் காற்றுக் கலக்கிற ஏரேட்டர்கள் ராப்பகலாய் ஓடுகின்றன. முன்பிருந்த இரண்டு நாய்களும் அந்தச் சத்தம் தாங்காமல் ஓடியவைதான். மனிதர்களும் இங்கே பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. தீவனம் போடு, மோட்டாரை நிறுத்து, சாப்பிட வா, எல்லாம் கையில்தான். உன் தாத்தாவின் கடையை விட்டுவிட்டு நான் இந்தத் தொழிலுக்கு வந்தது லாபத்துக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இங்கே எல்லாரும் என்னைப் போலத்தான் பேசுகிறார்கள், அதற்குத்தான் வந்தேன்.

குட்டிகளைப் பார்க்கப் போனபோது, காதில் சந்தன நிறம் பட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். முழு வெள்ளைதான் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நல்லதாகப் போயிற்று. சாப்பிடும்போது நான் இவனோடு பேசுகிறேன். நிறையப் பேசுகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். நடுவில் புகுந்து இட்லியா என்று கேட்பதில்லை.

சடையப்பனிடம் நான் சொல்லவில்லை. கரையில் நின்று "கோவா, கோவா" என்று கத்திப் பார்த்துவிட்டு, "திமிரு புடிச்ச சாதி, ஆனா காவல்ல கில்லாடி" என்று போய்விடுகிறார்.

ஆனாலும் வளர்த்தவள் நீ. உனக்கு அவன் வேண்டுமென்றால் கொண்டுவந்து விடுகிறேன். இதை நான் கடிதத்தில் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகிறேன். அங்கே சத்தமில்லாத இடமாகப் பார்த்து உனக்குப் போன் செய்கிறேன்.

உன் மாமன்,
திருநாவுக்கரசு


முதுநகர்
11.2.2007, ஞாயிறு மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போனை வைத்த கையோடு இதை எழுதுகிறேன். நலம்தான் எல்லாரும். உங்களுக்கே தெரியும், இப்போதுதானே பேசினோம்.

பேசினோம் என்றா சொன்னேன்? நீங்கள் பேசினீர்கள். "எ... எ..." என்று நீங்கள் ஆரம்பித்ததுமே என் வாயில் எறும்பு, எருமை, எலுமிச்சை எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினேன். எலுமிச்சைதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. அம்மா வந்து "இன்னாடி, லைன் கட்டாயிடுச்சா? குடு, நான் பேசறேன்" என்று போனைப் பிடுங்க வந்தார். நான் உள்ளங்கையைக் காட்டினேன். பால்கோவாவுக்கு 'இரு' என்று காட்டுவேனே, அதே கை. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார் மாமா.

அப்புறம் நீங்கள் சொன்னீர்கள். "எழிலு, பால்கோவாவ நானே வச்சிக்கட்டுமா?" என்று. 'ப' உட்பட முழுசாக. நடுவில் புகுந்து யாரும் முடித்துவைக்காமல்.

எனக்குத்தான் பேச்சு வரவில்லை. எனக்கு! தலையை மட்டும் ஆட்டினேன், நன்றாக, பலமாக. நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ச... சரிம்மா" என்று வைத்துவிட்டீர்கள். போனில் தலையாட்டினால் அந்தப் பக்கம் தெரியாது என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. மாட்டேன் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை முதல் தபாலில் சேர்த்துவிடுவேன்.

வச்சிக்கோங்க மாமா.

பரீட்சை முடிந்ததும் வருவேன். கரையில் நின்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு இழுப்பேன். அவன் வருகிறானா என்று பார்க்க வேண்டும்.

தலையாட்டிய மருமகள்,
எழில்